காந்தப்பாயக் கணக்கில் தீட்டாவை எங்கிருந்து அளப்பது?

பன்னிரண்டாம் வகுப்பில் 'சுருளின் தளம் காந்தப்புலத்தோடு 30 டிகிரி' என்று கேட்ட கணக்குக்கு யோசிக்காமல் காஸ் 30 போட்டு மூன்று மார்க்கைத் தொலைத்தவன் நான். இப்போது கேரள எல்லையில் இருக்கும் வேலந்தாவளத்தில் டியூஷன் எடுக்கிறேன், பிள்ளைகளும் அதே குழியில்தான் விழுகிறார்கள்.

பாயம் என்பது சுருளின் வழியே எவ்வளவு காந்தப்புலம் ஊடுருவுகிறது என்பதன் அளவு. பாயம் = புலம் × பரப்பு × காஸ் தீட்டா. சூத்திரம் எல்லோருக்கும் மனப்பாடம். ஆனால் அந்தத் தீட்டா தளத்துக்கும் புலத்துக்கும் நடுவில் உள்ள கோணம் இல்லை. தளத்துக்குச் செங்குத்தாக நிற்கும் கோட்டுக்கும் புலத்துக்கும் நடுவில் உள்ளது. (மலையாளத்தில் லம்பம் என்பார்கள். என் வகுப்பில் பாதிப் பேருக்கு அப்படிச் சொன்னால்தான் சட்டென்று ஏறுகிறது.)

பழைய கல்யாணப் பத்திரிகை அட்டை ஒன்றை எடுத்து, நடுவில் ஒரு ஈர்க்குச்சியை நேராகக் குத்துங்கள். அட்டைதான் சுருள், குச்சிதான் லம்பம். மேசை விளிம்புதான் புலத்தின் திசை. குச்சி விளிம்புக்கு இணையாக இருந்தால் தீட்டா சுழி, பாயம் முழுசாக இருக்கும். குச்சி விளிம்புக்குக் குறுக்கே வந்தால் புலக்கோடுகள் அட்டையை உரசிக்கொண்டு போய்விடும், பாயம் சுழி. எந்த அனிமேஷன் வீடியோவும் எனக்கு இந்தக் குச்சி அளவுக்கு உதவியதில்லை.

இனி கணக்கு. 50 சுற்று, 0.2 டெஸ்லா, 0.01 சதுர மீட்டர், தளம் புலத்தோடு 30 டிகிரி. அப்படியானால் குச்சி 60 டிகிரியில் நிற்கிறது. ஒரு சுற்றின் பாயம் 0.001 வெபர். சுருளை 0.1 நொடியில் திருப்பித் தளத்தைப் புலத்துக்குச் செங்குத்தாக்கினால் பாயம் 0.002 ஆகும். பாயம் மாறுவதால் சுருளில் தூண்டப்படும் மின்னழுத்தம்தான் மின்னியக்கு விசை: சுற்று × பாய மாற்றம் ÷ நேரம், அதாவது 50 × 0.001 ÷ 0.1, ஆக சராசரியாக 0.5 வோல்ட். காஸ் 30 போட்டவருக்கு 0.13 வோல்ட்தான் வரும்.

சுழலும் சுருளின் மின்னியக்கு விசையில் காஸ் போய் சைன் வருவது பாயத்தை வகையிடுவதால். பாயம் சுழியாகும் நொடியில்தான் அது வேகமாக மாறுகிறது, மின்னியக்கு விசையும் அப்போதுதான் உச்சம். தளம் புலத்துக்கு இணையாக இருக்கும்போது நேரத்தை எண்ணத் தொடங்கினால் சைன் இருந்த இடத்தில் காஸ் வரும், பயப்பட வேண்டாம். ஒமேகா (சுருள் சுழலும் கோண வேகம்) × நேரம் ரேடியனில் வரும், கால்குலேட்டரை அதற்கு மாற்றுங்கள். அப்புறம் மறக்காமல் டிகிரிக்குத் திருப்புங்கள், இல்லாவிட்டால் காஸ் 60-க்கு மைனஸ் 0.95 என்று காட்டும்.

பின்சேர்க்கை: நகரும் கம்பிக்கும் இதே குச்சியா என்று ஒரு தம்பி கேட்டிருந்தார். இல்லை தம்பி. அங்கே மின்னியக்கு விசை தரும் புலம் × நீளம் × வேகம் × சைன் தீட்டாவில் பரப்பே கிடையாது, லம்பத்துக்கும் வேலையில்லை. கம்பி புலத்துக்கும் வேகத்துக்கும் செங்குத்தாக இருக்கும்போது, அந்தத் தீட்டா வேகத்துக்கும் புலத்துக்கும் நடுவில் உள்ள கோணம்.