வறட்டு இருமலுக்கு லுவோ ஹான் குவோ கஷாயம் போடுவது எப்படி?

தென்சீனாவின் குவாங்சி பகுதியில், குய்லின் நகரைச் சுற்றியுள்ள மலைகளில் விளையும் கொடிக்காய் லுவோ ஹான் குவோ. பாகற்காய், வெள்ளரி குடும்பம். பறித்த பழத்தைச் சூட்டில் உலர்த்தி விற்பார்கள். தொண்டைக் கட்டு, வறட்டு இருமல், மலச்சிக்கல் மூன்றுக்கும் சீன வைத்தியர்கள் இதைத் தருகிறார்கள். நுரையீரல் சூட்டைத் தணித்து வறட்சியைப் போக்கும் என்பது அவர்கள் கணக்கு. சிங்கப்பூர், மலேசியாவில் இருப்பவர்களுக்குச் சீன மருந்துக் கடைகளிலேயே கிடைக்கும்.

முதலில் இருமலைக் கவனியுங்கள். இருமல் என்றாலே இதைக் கொதிக்க வைத்துவிடக் கூடாது. தொண்டை காய்ந்து எரிகிறது, சளியே வரவில்லை அல்லது கெட்டியாக மஞ்சளாக வருகிறது என்றால்தான் இது. குளிரோடு நீர்த்த வெள்ளைச் சளி வந்தால் கொடுக்க மாட்டார்கள், ஏனென்றால் பழம் குளிர்ச்சி. வயிற்றுப்போக்கு உள்ளவர்களுக்கும் வேண்டாம்.

அடுத்து, பழம் பார்த்து வாங்குவது. ஓடு விரிசல் இல்லாமல், மேலே மெல்லிய பூனைமுடியோடு இருக்க வேண்டும். காதருகே வைத்து ஆட்டிப் பாருங்கள். சத்தம் வராத பழம் நல்ல பழம். கடகடவென்றால் உள்ளே சதை சுருங்கி ஓட்டிலிருந்து பிரிந்துவிட்டது என்று அர்த்தம்.

சரி, இப்போது கஷாயம். பழத்தைக் கழுவிக் கட்டைவிரலால் அழுத்தினால் முட்டை ஓடு மாதிரி நொறுங்கும். உள்ளே பழுப்புச் சதையும் தட்டை விதைகளும் இருக்கும். ஓடு, விதை எல்லாவற்றையும் சேர்த்தே ஒன்றரை லிட்டர் தண்ணீரில் போடுங்கள். கொதித்ததும் தீயைக் குறைத்து அரை மணி நேரம் விடுங்கள். தண்ணீர் கரும்பழுப்பாகி, லேசான புகை வாசம் வரும். வடிகட்டி வெதுவெதுப்பாகக் குடிக்கலாம். சர்க்கரை போடவே வேண்டாம். இதிலுள்ள மோக்ரோசைடு என்ற பொருள் சர்க்கரையைவிட 200 மடங்குக்கு மேல் இனிக்கும். தித்திப்பு தூக்கலாக இருந்தால் வெந்நீர் கலந்துகொள்ளுங்கள். உலர்ந்த செவ்வந்திப்பூ சேர்ப்பதாக இருந்தால், இறக்குவதற்கு ஐந்து நிமிடம் முன்னால் போட்டால் போதும்.

இது தொண்டைக்கு இதம் தருவது, அவ்வளவுதான். காய்ச்சல், மூச்சுத்திணறல், சளியில் ரத்தம் இருந்தாலோ, இருமல் வாரக்கணக்கில் நீடித்தாலோ உடனே டாக்டரிடம் போங்கள். கர்ப்பிணிகளும் தினசரி மாத்திரை சாப்பிடுபவர்களும் கேட்டுவிட்டுக் குடிப்பது நல்லது.

வடித்த சக்கையைக் கொட்டிவிடாதீர்கள், பாதித் தண்ணீர் ஊற்றி இன்னொரு முறை கொதிக்க வைக்கலாம். மீதியை ஃபிரிட்ஜில் வைத்து மறுநாளுக்குள் குடித்துவிடுங்கள்.