ஒரு நாட்டின் காலநிலை வாக்குறுதியைக் கணக்குப் பார்த்துப் படிப்பது எப்படி

தணிக்கை வேலையில் படிந்த பழக்கம் என்னை விடவில்லை. எந்த நாட்டுத் தலைவர் மேடையேறி "புவியைச் சூடாக்கும் வாயுக்களின் உமிழ்வை இத்தனை சதவீதம் குறைப்போம்" என்று சொன்னாலும், எதிலிருந்து, எப்போதுக்குள், எத்தனை டன் என்றுதான் மனம் கேட்கிறது. காலநிலைக் கொள்கை நிபுணர்களின் விவகாரம் என்று பலர் ஒதுங்கிப் போவது எனக்கு வருத்தமாக இருக்கிறது. பெருக்கலும் கழித்தலும் தெரிந்த யாரும் ஒரு நாட்டின் வாக்குறுதியைப் படித்து எடைபோட முடியும். நான் செய்யும் முறையைச் சொல்கிறேன்.

முதலில் மூல ஆவணத்தைக் கையில் எடுங்கள். 2015 டிசம்பரில் ஏற்கப்பட்ட பாரிஸ் ஒப்பந்தப்படி, ஒவ்வொரு உறுப்பு நாடும் ஐந்தாண்டுக்கு ஒருமுறை 'தேசிய அளவில் தீர்மானித்த பங்களிப்பு' என்ற ஆவணத்தைத் தர வேண்டும். சுருக்கமாக என்.டி.சி. ஜெர்மனியின் பான் நகரில் உள்ள ஐ.நா. காலநிலைச் செயலகம் இவை எல்லாவற்றையும் இணையத்தில் பொதுப் பதிவேடாக வைத்திருக்கிறது. யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். முன்னுரையை அப்புறம் படித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான ஆவணங்களில் பின்பக்கமாக ஒரு அட்டவணை இருக்கும். அடிப்படை ஆண்டு (எந்த ஆண்டின் அளவிலிருந்து குறைப்பை அளக்கிறார்கள் என்பது), கணக்கில் சேர்த்த வாயுக்கள், துறைகள், கணக்கிட்ட முறை எல்லாம் அதில்தான் இருக்கும். அங்கிருந்து தொடங்குங்கள்.

அடுத்து, இலக்கு எந்த வகை என்று பாருங்கள். ஐரோப்பிய ஒன்றியம் 1990-ல் இருந்த அளவிலிருந்து 2030-க்குள் குறைந்தது 55 சதவீதம் நிகர உமிழ்வை (காடு முதலியவை உறிஞ்சுவதைக் கழித்த எண்ணை) குறைப்பதாகச் சொல்கிறது. இது நேரடிக் குறைப்பு. டன் கணக்காக மாற்றிவிடலாம். இந்தியாவின் 2022 ஆவணம் வேறு வகை: உள்நாட்டு உற்பத்தியில் ஒவ்வொரு ரூபாய்க்கும் வெளியாகும் உமிழ்வை 2005 அளவிலிருந்து 2030-க்குள் 45 சதவீதம் குறைப்பது. இதற்கு உமிழ்வுச் செறிவு என்று பெயர். இந்தக் காலத்துக்குள் ஒரு நாட்டின் பொருளாதாரம் இரு மடங்காகிறது என்று வைத்துக்கொள்வோம். செறிவு 45 சதவீதம் குறைந்தாலும் இரண்டைப் 0.55-ஆல் பெருக்கினால் 1.1 வருகிறது. இலக்கு நிறைவேறியிருக்கும், மொத்த உமிழ்வோ பத்து சதவீதம் கூடியிருக்கும். வளரும் நாடுகள் இப்படி இலக்கு வைப்பதில் நியாயம் இருக்கிறது; மின்சாரமே சரியாகக் கிடைக்காதவர்கள் அங்கே நிறையப் பேர். ஆனால் படிக்கிறவர் இந்த இரண்டு வகையையும் ஒரே தட்டில் வைத்து ஒப்பிடக்கூடாது. மூன்றாவது வகையும் உண்டு: எதுவும் செய்யாமல் விட்டால் 2030-ல் இவ்வளவு உமிழ்ந்திருப்போம் என்று ஒரு கோடு போட்டு, அதிலிருந்து குறைத்துக் காட்டுவது. இந்தோனேசியாவின் 2030 இலக்கு அப்படிப்பட்டது. இதில் அந்தக் கோட்டை எவ்வளவு உயரத்தில் போட்டார்கள் என்பதைத்தான் முதலில் சோதிக்க வேண்டும்.

நான் அதிக நேரம் செலவிடுவது அடிப்படை ஆண்டில். காரணம் பிரேசில். அந்த நாடு 2016-ல் சமர்ப்பித்த ஆவணம், 2005 அளவிலிருந்து 2030-க்குள் 43 சதவீதம் குறைப்பு என்றது. அப்போதைய கணக்குப்படி 2005-ன் உமிழ்வு சுமார் 210 கோடி டன். ஆக 2030-ல் மிஞ்சுவது 120 கோடி டன். பிறகு உமிழ்வுப் பட்டியலைத் திருத்தியபோது 2005-ன் அளவு சுமார் 280 கோடி டன்னாக உயர்ந்தது. கணக்கீட்டு முறை மேம்படும்போது பழைய எண் மாறுவது இயல்புதான். ஆனால் 2020-ல் கொடுத்த புதிய ஆவணத்தில் அதே 43 சதவீதத்தை அப்படியே வைத்துவிட்டார்கள். 280-ல் 43 சதவீதம் போனால் மிஞ்சுவது 160. ஒரு எழுத்தும் பின்வாங்காமல் 40 கோடி டன் கூடுதலாக உமிழ இடம் வந்துவிட்டது. ஒவ்வொரு புதிய வாக்குறுதியும் முந்தையதைவிட முன்னேற்றமாக இருக்க வேண்டும் என்கிறது பாரிஸ் ஒப்பந்தத்தின் நான்காவது பிரிவு. உள்நாட்டிலும் வெளியிலும் கணக்குப் பார்த்தவர்கள் இதைச் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். 2023-ல் பிரேசில் தன் இலக்கை 53 சதவீதமாக்கி, பழைய 120 கோடி டன்னுக்கே திரும்பியது. அதனால் சதவீதத்தைப் பார்த்தவுடன் டன்னாக மாற்றுங்கள். அதே நாட்டின் முந்தைய ஆவணத்தையும் எடுத்து டன்னுக்கு டன் ஒப்பிடுங்கள். இதை மட்டும் செய்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

அடிப்படை ஆண்டைத் தேர்வு செய்வதிலும் ஒன்று கவனியுங்கள். அமெரிக்கா 2005-ஐ வைத்தது. அதன் உமிழ்வு உச்சத்தை ஒட்டியிருந்த காலம் அது. உச்சியிலிருந்து அளந்தால் எந்த இறக்கமும் பெரிதாகத் தெரியும்.

எது விடுபட்டிருக்கிறது என்றும் தேடுங்கள். கார்பன் டை ஆக்சைடு மட்டும்தானா, மீத்தேனும் உண்டா? நூறாண்டுக் கணக்கில் மீத்தேன் கார்பன் டை ஆக்சைடைவிட 28 மடங்கு சூடாக்கும் என்று எழுதுகிறார்கள், இருபதாண்டுக் கணக்கில் அது எண்பதைத் தாண்டும். காடு உறிஞ்சுவதைக் கழித்த பிறகு வரும் நிகர எண்ணா? பன்னாட்டு விமானங்களும் கப்பல்களும் விடும் புகை பெரும்பாலும் எந்த நாட்டுக் கணக்கிலும் சேருவதில்லை.

நிபந்தனை இருக்கிறதா என்பது அடுத்தது. இந்தோனேசியா சொந்த முயற்சியில் 31.89 சதவீதம், வெளிநாட்டு உதவி கிடைத்தால் 43.20 சதவீதம் என்று 2022-ல் பிரித்து எழுதியது. செய்தியில் பெரிய எண்ணே வரும். அந்த உதவி கதையும் தெரிந்திருக்க வேண்டும். 2020-க்குள் ஆண்டுக்கு 10,000 கோடி டாலர் திரட்டுவோம் என்று பணக்கார நாடுகள் 2009-ல் கோபன்ஹேகன் காலநிலை மாநாட்டில் சொன்னார்கள். பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பின் கணக்குப்படியே அந்தத் தொகை முதன்முதலில் எட்டப்பட்டது 2022-ல்தான். அதிலும் அரசுகள் வழியாக வந்த பணத்தில் பெரும்பகுதி கடன். வாக்கு கொடுத்தவர்கள் தாமதித்ததற்கு ஏழை நாடுகளின் நிபந்தனை இலக்கைக் குறை சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. 2024-ல் அஜர்பைஜானின் பாக்கு நகரில் நடந்த காலநிலை மாநாட்டில், 2035-க்குள் ஆண்டுக்கு 30,000 கோடி டாலர் என்று புதிய தொகை முடிவானது. ஆவணத்தில் நிபந்தனைப் பகுதியைப் படிக்கும்போது இந்தப் பணம் எங்கிருந்து வரும் என்று பக்கத்தில் எழுதி வையுங்கள்.

சரி, நிறைவேற்றாவிட்டால் என்ன ஆகும்? பாரிஸ் ஒப்பந்தம் வாக்குறுதி கொடுப்பதையும், அதை அடையும் நோக்கத்தோடு உள்நாட்டில் நடவடிக்கை எடுப்பதையும், அறிக்கை தருவதையும் கட்டாயமாக்குகிறது. இலக்கைத் தவறவிட்டதற்கு அபராதம் கிடையாது. நாடுகள் ஒப்பந்தப்படி நடக்கின்றனவா என்று பார்க்க ஒரு குழு இருக்கிறது, அதற்குத் தண்டிக்கும் அதிகாரம் இல்லை. ஆகவே பிடி உள்நாட்டுச் சட்டத்தில்தான் இருக்கிறது, அதைத் தேடாமல் படிப்பை நிறுத்தாதீர்கள். பிரிட்டன் 2008-லேயே சட்டம் போட்டு, ஐந்தாண்டுக்கு ஒரு கார்பன் வரம்பு, அரசைக் கேள்வி கேட்க ஒரு தனிக் குழு என்று அமைத்தது. நெதர்லாந்தின் உச்ச நீதிமன்றம் 2019-ல், 1990 அளவிலிருந்து 2020 முடிவுக்குள் குறைந்தது 25 சதவீதம் குறைத்தாக வேண்டும் என்று அரசுக்கு உத்தரவிட்டது. 2021-ல் ஜெர்மனியின் அரசியல் சாசன நீதிமன்றம், 2030-க்குப் பிந்தைய பாரத்தை இளைய தலைமுறையின் தலையில் ஏற்றுகிறது என்று அந்நாட்டுச் சட்டத்தின் ஒரு பகுதியை நிராகரித்தது. அரசு அதே ஆண்டு இலக்கை உயர்த்தியது. பசிபிக் தீவு மாணவர்கள் தொடங்கி வைத்து, அங்குள்ள வனுவாட்டு என்ற தீவு நாடு முன்னெடுத்த முயற்சியில், 2025 ஜூலையில் சர்வதேச நீதிமன்றமும் கருத்துச் சொன்னது: என்.டி.சி.யில் என்ன எழுதுவது என்பது முழுக்க நாடுகளின் விருப்பம் அல்ல, அது அவர்களால் முடிந்த உச்சபட்ச முயற்சியைக் காட்ட வேண்டும். இது ஆலோசனைக் கருத்துதான் என்றாலும் வழக்கறிஞர்கள் கையில் இப்போது இருக்கிறது.

சட்டம் இல்லாத இடத்தில் வாக்குறுதி ஒரு தேர்தலோடு போய்விடலாம். அமெரிக்கா 2020 நவம்பரில் பாரிஸ் ஒப்பந்தத்திலிருந்து வெளியேறியது, 2021 பிப்ரவரியில் திரும்பியது, 2025 ஜனவரியில் மறுபடி விலகல் உத்தரவு வந்தது.

கடைசி வேலை, சொன்னதையும் நடந்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்பது. இரண்டாண்டுக்கு ஒருமுறை நாடுகள் வெளிப்படைத்தன்மை அறிக்கை தர வேண்டும். முதல் அறிக்கைக்கான கெடு 2024 டிசம்பர் 31. அதுவும் அதே செயலகத் தளத்தில் கிடைக்கும். என்.டி.சி.யின் இலக்கு டன்னை இடப்பக்கமும், அறிக்கையின் உண்மை டன்னை வலப்பக்கமும் ஒரே தாளில் எழுதுங்கள். இடைவெளி கூடிக்கொண்டே போனால் உங்கள் தொகுதி உறுப்பினருக்கு அந்தத் தாளின் நகலோடு கடிதம் எழுதுங்கள். எந்தத் துறை, எந்த ஆண்டு, எத்தனை டன் என்று பக்க எண்ணோடு கேளுங்கள்.