ஜமக்காளத்தில் மெழுகு சிந்திவிட்டதா? இந்தத் தவறுகளைச் செய்துவிடாதீர்கள்

மெழுகு சிந்தியதும் கை தானாக ஈரத்துணியைத் தேடும். பாலோ குழம்போ சிந்தினால் அது சரி. மெழுகுக்கு அதைவிடத் தப்பான வேலை கிடையாது. சூடாக இருக்கும்போது துடைத்தால் மெழுகு துணியோடு வராது. ஐந்து ரூபாய்க் காசு அளவு இருந்தது உள்ளங்கை அளவுக்குப் பரவி, நூலின் அடிவரை இறங்கிவிடும். மெழுகு தண்ணீரில் கரையாத பொருள் என்பதால் ஈரத்துணியால் ஒரு பயனும் இல்லை.

2012-இல் எங்கள் கொங்குப் பக்கம் முழுவதும் தினமும் பல மணி நேரம் கரண்ட் இருக்காது. ஒரு நாள் ராத்திரி சாப்பாட்டுக்கு ஜமக்காளம் விரித்திருந்தோம். நடுவில் டம்ளரைக் கவிழ்த்து அதன்மேல் வைத்திருந்த மெழுகுவர்த்தி சாய்ந்துவிட்டது. நான் துணியோடு ஓடினேன். அம்மாயி என் கையைப் பிடித்துக்கொண்டார். "உடு கண்ணு, அதைய இப்பத் தொடாத, ஆறட்டும்" என்றார். இந்த விஷயத்தில் பாதி வேலை அதுதான்: ஆறும்வரை தொடாமல் இருப்பது.

இப்போது கரண்ட் அவ்வளவாகப் போவதில்லை. ஆனால் பிறந்தநாள் கேக் இருக்கிறது, கார்த்திகை தீபத்துக்கு மெழுகு ஊற்றியே விற்கும் அகல் விளக்குகள் இருக்கின்றன. எண்ணெய் விளக்கு கவிழ்ந்தால் கதை வேறு. அதற்கு உடனே டால்கம் பவுடரைக் கொட்டி எண்ணெயை உறிஞ்ச விட வேண்டும். மெழுகுக்குப் பவுடர் வேண்டாம்.

ஆறியபின் ஐஸ் வைப்பது நல்ல வழி. குளிர்ந்தால் மெழுகு உடையக்கூடிய பதத்துக்கு வந்துவிடும். ஆனால் பலரும் ஐஸ் கட்டியை அப்படியே மேலே வைத்துவிடுகிறார்கள். அது உருகி, விரிப்பு நனைந்து, ஈர நூலோடு மெழுகையும் சுரண்ட வேண்டியதாகிவிடும். பாலிதீன் பையில் போட்டுக் கட்டி, பத்துப் பதினைந்து நிமிடம் வையுங்கள். கால்மிதி போலச் சின்னதாக இருந்தால் ஒரு கவரில் போட்டு ஃப்ரீசரிலேயே வைத்துவிடலாம்.

சுரண்டக் கத்தி எடுக்காதீர்கள், பிளேடு எடுக்கவே எடுக்காதீர்கள். மழுங்கிய ஸ்பூன் அல்லது காலாவதியான ஏடிஎம் கார்டு போதும். ஓரத்திலிருந்து நடுவை நோக்கிச் சுரண்ட வேண்டும். நடுவிலிருந்து வெளியே தள்ளினால் கறையை நாமே பெரிதாக்குகிறோம். உதிர்ந்த துகளை அவ்வப்போது பெருக்கி எடுத்துவிடுங்கள். கிடந்தால் காலில் மிதிபட்டு வேறு இடத்தில் ஒட்டிக்கொள்ளும்.

இனி வருவதில்தான் அதிகம் பேர் விரிப்பையே இழக்கிறார்கள். சுரண்டியும் நூலுக்குள் மிச்சம் இருக்கும். மேலே தாள் வைத்து அயர்ன் பாக்ஸால் தேய்த்தால், மெழுகு உருகித் தாளுக்கு ஏறிவிடும். வழி சரியானதுதான். அயர்ன் பாக்ஸை எந்தச் சூட்டில் வைக்கிறோம் என்பதுதான் கேள்வி. சாதாரண மெழுகுவர்த்தியின் பாரபின் மெழுகு ஏறக்குறைய 46 முதல் 68 டிகிரி செல்சியஸுக்குள் உருகிவிடும். அயர்ன் பாக்ஸின் மிகக் குறைந்த சூடே 110 டிகிரி அளவுக்கு இருக்கும். 'காட்டன்' என்று இருக்கும் இடத்துக்குத் திருப்பினால் 200 வரை போகும். கடைகளில் மலிவாகக் கிடைக்கும் பல கார்ப்பெட்டுகள் பாலிபுரோப்பிலீன் இழையில் செய்தவை. அந்த இழை 160 டிகிரி அளவிலேயே உருகும். எங்கள் ஹால் கார்ப்பெட்டில் நான் காட்டன் சூட்டில் வைத்துத் தேய்த்தேன். மெழுகு போனது, கூடவே அந்த இடத்து இழையும் உருகி, பிளாஸ்டிக் போல விறைத்துப் பளபளவென்று ஒரு திட்டு நின்றுவிட்டது. கறை என்றால் இன்றில்லாவிட்டால் நாளை எடுக்கலாம். உருகிய இழையைத் திரும்பக் கொண்டுவர முடியாது. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

ஆகவே சூடு காட்டுவதற்கு முன்னால் விரிப்பு என்ன நூல் என்று தெரிந்துகொள்ளுங்கள். பவானி ஜமக்காளம் என்றால் பருத்திதான் என்று நாம் நினைக்கிறோம். கைத்தறியில் நெய்த பழைய ஜமக்காளத்துக்கு அது பெரும்பாலும் பொருந்தும். ஆனால் செயற்கைப் பட்டு எனப்படும் ரேயான் நூலிலும் ஜமக்காளம் நெய்கிறார்கள். அதே பெயரில், அதே வண்ணப் பட்டைகளோடு, விசைத்தறியில் செயற்கை இழையில் வருவதும் சந்தையில் உண்டு. ஓரத்துக் குஞ்சத்தில் ஒரு நூலை உருவி, இடுக்கியில் பிடித்து, தண்ணீர்த் தொட்டிக்கு மேலே கொளுத்திப் பாருங்கள். பருத்தியும் ரேயானும் காகிதம் எரியும் வாசனையோடு சாம்பலாகும். செயற்கை இழை சுருங்கி உருகி, நுனியில் மணி போல இறுகிவிடும்.

எந்த நூலாக இருந்தாலும் குறைந்த சூட்டில் தொடங்குங்கள். ஸ்டீம் வேண்டாம். இழுத்துத் தேய்க்காமல், பத்து விநாடி ஒற்றி ஒற்றி எடுங்கள். பஜ்ஜி மடித்த தாள் போல எண்ணெய்ப் பசை படர்ந்தால் மெழுகு ஏறுகிறது என்று அர்த்தம். உடனே தாளின் சுத்தமான பகுதிக்கு மாற்றுங்கள். மாற்றாமல் அதே இடத்தில் அழுத்தினால் ஏறிய மெழுகு திரும்ப இறங்கிவிடும். தாளில் பசை வராதவரை தொடர வேண்டும். செயற்கை இழை என்று தெரிந்தால் அயர்ன் பாக்ஸையே விட்டுவிட்டு, ஹேர் டிரையரால் தள்ளி நின்று சூடு காட்டி, தாளால் ஒற்றி எடுப்பது நல்லது.

தாள் என்றதும் தினசரியை எடுக்கிறோம். அதில் மை இருக்கிறது. சூடும் மெழுகும் சேர்ந்தால் மை இளகி, வெளிர் நிற விரிப்பில் எழுத்தே பதிந்துவிடும். அச்சில்லாத பழுப்புத் தாள், டிஷ்யூ, பழைய வெள்ளை வேட்டித் துண்டு, இதில் எது இருந்தாலும் போதும். ஜமக்காளத்துக்கு ஒரு வசதி உண்டு. புசுபுசுவென்று நூல் நிற்காத தட்டையான நெசவு அது, இரண்டு பக்கமும் கைக்கு எட்டும். அடியிலும் ஒரு தாள், மேலேயும் ஒரு தாள் வைத்துத் தேய்த்தால் இரண்டு பக்கமும் உறிஞ்சிக்கொள்ளும். தரையோடு ஒட்டிய கார்ப்பெட்டுக்கு இது முடியாது. அங்கே பொறுமைதான் வேண்டும்.

மொட்டை மாடியில் காயப் போட்டால் உருகி ஓடிவிடும் என்று சிலர் விரித்துவிடுகிறார்கள். நம் ஊர் சித்திரை வெயிலில் மெழுகு இளகும், ஆனால் ஓடுவதற்கு இடமில்லை. இன்னும் ஆழமாக நூலுக்குள்தான் இறங்கும். கொதிக்கிற தண்ணீரை ஊற்றுவதும் அதே தவறுதான். அதோடு சிவப்பு, பச்சைச் சாயம் கரைந்து பக்கத்துப் பட்டையில் ஏறும். வழிந்த மெழுகு குளியலறைக் குழாய்க்குள் ஆறி அடைத்துக்கொள்ளும்.

மண்ணெண்ணெய், பெட்ரோல், தின்னர் எதையும் கிட்டே கொண்டுவராதீர்கள். மெழுகைக் கரைக்கும், உண்மைதான். கார்ப்பெட்டின் அடியில் இருக்கும் பசையையும் சேர்த்துக் கரைத்துவிடும். அதைவிட முக்கியம், இவற்றின் ஆவி தீப்பற்றும். பக்கத்திலேயே சூடான அயர்ன் பாக்ஸ் இருக்கும் வேலை இது.

மெழுகு போனபின் சிவப்போ நீலமோ தங்கியிருந்தால் அது மெழுகுவர்த்தியின் சாயம். சர்ஜிக்கல் ஸ்பிரிட்டை வெள்ளைத் துணியில் தொட்டு ஒற்றி எடுக்கலாம். கண்ணுக்குத் தெரியாத ஓரத்தில் முதலில் வைத்துப் பாருங்கள், விரிப்பின் சாயமே துணிக்கு வந்தால் அதோடு நிறுத்திவிடுங்கள். ஸ்பிரிட்டும் தீப்பற்றுவதுதான். அயர்ன் பாக்ஸ் பிளக்கைக் கழற்றி, அது முழுதாக ஆறிய பிறகு, ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு செய்ய வேண்டும். அப்புறம் அந்த இடத்தை மறுபடி சூடாக்க வேண்டாம். கம்பளி விரிப்பில் பிளீச் பக்கமே போகாதீர்கள், நூலையே அரித்துவிடும்.

கடைசியில் துவைப்பது. பிரஷ் போட்டு அழுத்தித் தேய்க்காதீர்கள். ரேயான் நூல் நனைந்தால் பலம் குறைந்துவிடும், தேய்த்த இடம் நைந்துபோகும். கொஞ்சம் சோப்புத் தண்ணீரில் துணியை நனைத்துப் பிழிந்து ஒற்றுங்கள், பிறகு வெறும் தண்ணீரில் நனைத்த துணியால் ஒற்றுங்கள். நிழலில் காய வையுங்கள். மடித்து வைப்பதற்கு முன்னால் அந்த இடத்தை விரலால் ஒருமுறை தடவிப் பாருங்கள். கொஞ்சம் விறைப்பாகத் தட்டுப்பட்டால் உள்ளே மெழுகு மிச்சம் இருக்கிறது. ஸ்பிரிட் படாத இடமாக இருந்தால் புதுத்தாள் எடுத்து, குறைந்த சூட்டில் இன்னொரு முறை ஒற்றுங்கள்.