எல் நினோவையும் லா நினாவையும் கணக்கில் கொண்டு அலைச்சறுக்குப் பருவத்தைத் திட்டமிடுவது எப்படி?

அலைச்சறுக்குப் பருவம் ஆண்டுதோறும் அதே மாதங்களில் வந்தாலும், ஓர் ஆண்டைப் போல் மற்றோர் ஆண்டு அமைவதில்லை. இந்த வேறுபாட்டில் ஒரு பகுதியை முன்கூட்டியே கணிக்கலாம். ஆனால் பசிபிக்கின் நிலநடுக்கோட்டுப் பகுதி வழக்கத்தை விட வெப்பமடையும் எல் நினோவோ, குளிரும் லா நினாவோ வருகிறது என்ற செய்தியிலிருந்து தொடங்கினால் வழி தவறும். உங்கள் கரைக்கு அலை எங்கிருந்து வருகிறது என்ற கேள்வியிலிருந்து தொடங்க வேண்டும்.

சறுக்குவதற்கு ஏற்ற நீண்ட அலைகளாகிய ஸ்வெல், பெரும்பாலும் ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் வீசும் புயற்காற்றில் பிறக்கிறது. தென்பெருங்கடலில் எழுந்த அலைகள் பசிபிக்கைக் கடந்து அலாஸ்கா வரை செல்வதை கடலியலாளர் வால்டர் மங்க் தலைமையிலான குழு 1963-இல் அளந்தது. அடுத்தடுத்த முகடுகளுக்கு இடையே 16 விநாடி இடைவெளி உள்ள அலைத்தொகுதி மணிக்கு ஏறத்தாழ 45 கி.மீ. வேகத்தில் பயணிப்பதால், 4,000 கி.மீ. தொலைவைக் கடக்க நான்கு நாளுக்குச் சற்றுக் குறைவாகவே ஆகும். ஆகவே கடலில் அலைகளை அளக்கும் அருகிலுள்ள மிதவையின் பழைய பதிவுகளில் உயரத்தை மட்டும் பாராமல், திசையையும் முகடுகளின் இடைவெளியையும் மாதவாரியாகப் பாருங்கள்; எந்தப் புயல்மண்டலம் உங்கள் கரைக்கு அலை அனுப்புகிறது என்பது புலப்படும்.

அடுத்து, அந்தப் புயல்மண்டலத்தை இடம்பெயரச் செய்வது எது என்று அறிய வேண்டும். எல் நினோவின்போது நடு மற்றும் கிழக்குப் பசிபிக்கின் நிலநடுக்கோட்டுப் பகுதி வெப்பமடைந்து, மழைமேகங்களும் கிழக்கே நகர்கின்றன. அதன் விளைவாக வடபசிபிக்கின் ஜெட் காற்றோட்டம் (மிக உயரத்தில் வேகமாக வீசும் காற்று) குளிர்காலத்தில் கிழக்கு நோக்கி நீண்டு, புயல்களை ஹவாய்க்கும் கலிபோர்னியாவுக்கும் நெருக்கமாகக் கொண்டுவருகிறது. பேரலை வந்தால் மட்டுமே நடத்தப்படும் எடி ஐகாவ் அலைச்சறுக்குப் போட்டி, வலுவான எல் நினோ நிலவிய 2016 பிப்ரவரியில் ஹவாயின் வைமியா விரிகுடாவில் நடந்தது. ஆனால் அதே போட்டி லா நினா நிலவிய 2023 ஜனவரியிலும் நடந்தது. நான் மிக முக்கியமாகக் கருதுவது இதைத்தான்: இந்தப் பெருநிகழ்வுகள் வாய்ப்பைக் கூட்டும், குறைக்கும், எந்த நாளையும் உறுதி செய்வதில்லை.

அதே எல் நினோ, வெப்பமண்டல அட்லாண்டிக்கில் மேல்மட்டக் காற்றுக்கும் கீழ்மட்டக் காற்றுக்கும் உள்ள வேறுபாட்டை மிகுவித்துச் சூறாவளிகள் வளர்வதைத் தடுப்பதால், அமெரிக்காவின் கிழக்குக் கரையில் அவற்றை நம்பியிருக்கும் பருவம் மெலிய வாய்ப்புண்டு. ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரையிலோ லா நினா ஆண்டுகளில் கிழக்குத் திசையிலிருந்து வரும் அலை கூடுகிறது. இங்கே மழையையும் சேர்த்தே எண்ண வேண்டும். 2020 முதல் 2023 வரை லா நினா தொடர்ந்தபோது, 2022-இல் அந்தக் கரையில் பெருவெள்ளம் ஏற்பட்டது. வெள்ளம் வடியும் ஆற்றுமுகங்களில் கழிவும் மிதக்கும் மரங்களும் சேர்வதால், அலை நன்றாக இருந்தாலும் அங்கே இறங்கக் கூடாது.

ஐரோப்பிய அட்லாண்டிக் கரைக்கு வட அட்லாண்டிக் அலைவையும் (அக்கடலின் வடக்குக்கும் தெற்குக்கும் இடையிலான காற்றழுத்த வேறுபாடு கூடிக் குறைவது), தென்பெருங்கடலை நோக்கிய கரைகளுக்கு அண்டார்டிகாவைச் சுற்றி வீசும் மேற்குக்காற்று வடக்கே விரிகிறதா, தெற்கே சுருங்குகிறதா என்பதையும் பார்க்க வேண்டும். இவ்விரண்டும் வாரங்களுக்குள் மாறக்கூடியவை. பல மாதங்களுக்கு முன்பே இவற்றை நம்பித் திட்டமிட வேண்டாம்.

எல் நினோ நிலையை அறிய, நடுப் பசிபிக்கில் நினோ 3.4 எனப்படும் பகுதியின் கடல்மேற்பரப்பு வெப்பநிலை சராசரியை விட 0.5 டிகிரி செல்சியஸ் கூடியிருக்கிறதா என்று அமெரிக்காவின் கடல், வானிலை ஆய்வு அமைப்பான நோவா பார்க்கிறது. அதன் அறிக்கை மாதந்தோறும் இரண்டாம் வியாழக்கிழமை வெளியாகிறது. மார்ச் முதல் மே வரை வெளியாகும் கணிப்புகள் நம்பகம் குறைந்தவை. நிகழ்வு பெரும்பாலும் ஆண்டு முடிவை ஒட்டி உச்சம் அடைவதால், ஜூலைக்குப் பிந்தைய அறிக்கைகளைக் கொண்டு முடிவெடுப்பதே நல்லது.

இனி உங்கள் கரைக்கென ஓர் அட்டவணை தயாரியுங்கள். மிதவைப் பதிவு போதாவிட்டால், பழைய வானிலையைக் கணினி வழி மீட்டமைத்து, 1940 முதலான அலைத் தரவைத் தரும் ஈரா5 தொகுப்பை இலவசமாகப் பெறலாம். ஆண்டுகளை எல் நினோ, லா நினா, இயல்பு என்று பிரித்து, ஒவ்வொரு மாதத்திலும் சறுக்கத் தகுந்த நாட்களை எண்ணுங்கள். சராசரியோடு நிறுத்தாமல், ஒரே பிரிவுக்குள் ஆண்டுகள் எவ்வளவு சிதறியிருக்கின்றன என்றும் பாருங்கள். 1982–83, 1997–98, 2015–16 போன்ற மிக வலுவான எல் நினோக்கள் அரிதானவை என்பதால், அவற்றை மட்டும் வைத்து விதி வகுக்க முடியாது. சிதறல் அதிகமென்றால், உங்கள் கரையில் எல் நினோ, லா நினா என்ற பிரிவுக்கு அதிக மதிப்புத் தர வேண்டியதில்லை.

வலுவான எல் நினோவில் அமெரிக்காவின் மேற்குக் கரையில் கடல்மட்டமும் உயர்வதால், பேரலை கரையை ஆழமாக அரித்து மணல்திட்டுகளை இடம்மாற்றுகிறது. சென்ற ஆண்டு அலை உடைந்த இடத்தை நம்பி இறங்காமல், ஓதம் தணிந்த வேளையில் கரையிலிருந்து திட்டுகளைப் பார்த்துக்கொள்ளுங்கள். நீரும் வழக்கத்தை விட வெதுவெதுப்பாக இருக்கும் என்பதால், மெல்லிய வெட்சூட் (நீரின் குளிரைத் தாங்கும் உடை) போதுமானதாக இருக்கலாம்.

மாதத்தை முடிவு செய்ய இந்த அட்டவணை உதவும். வாரத்தை முடிவு செய்ய, 30 முதல் 60 நாளில் வெப்பமண்டலத்தைச் சுற்றிவரும் மழைமேகத் தொகுதியான மேடன்–ஜூலியன் அலைவு எங்கே இருக்கிறது என்று பாருங்கள். எந்த நாள் என்று முடிவு செய்வதற்கு, புயல் உருவாகி அலை கிளம்பிய பிறகு வரும் முன்னறிவிப்பையும், உள்ளூர்க் காற்று கரையிலிருந்து கடலை நோக்கி வீசும் நேரத்தையும் மட்டுமே நம்புங்கள்.