மோட்டார் இல்லாமல் நீரில் லெட்யூஸ்: கிராட்கி முறை

மண்ணில்லாமல், உரம் கரைத்த நீரில் லெட்யூஸ் (சாலட் கீரை) வளர்க்க ஹவாய் பல்கலைக்கழகத்தின் பெர்னார்ட் கிராட்கி வகுத்த இந்த முறைக்கு மின்சாரமே வேண்டாம். மூடியுள்ள 10 லிட்டர் பக்கெட்டில் இரண்டு செடி வளர்க்கலாம். வெளிச்சம் புகாத நிறமாக இருக்கட்டும். ஒளி பட்டால் பாசி பிடிக்கும்.

மூடியில் 2 அங்குல வலைத்தொட்டி (வேர் வெளியே வர ஓட்டைகள் உள்ள சிறு தொட்டி) உட்காரும்படி இரண்டு துளை போடுங்கள். 10 லிட்டர் நீரில் முதலில் 4-18-38 உரம் (தழை, மணி, சாம்பல் சத்துகளின் சதவீதம்) 6 கிராம், அடுத்து எப்சம் உப்பு 3 கிராம், கடைசியாக கால்சியம் நைட்ரேட் 6 கிராம். ஒவ்வொன்றும் முழுதாகக் கரைந்த பிறகே அடுத்தது. உலர்ந்த தூள்களை ஒன்றாகக் கொட்டிச் சிறிது நீரில் கரைத்தால் கால்சியம் சல்பேட்டாகவும் பாஸ்பேட்டாகவும் அடியில் படிந்துவிடும், செடிக்குக் கிடைக்காது. கடையில் எளிதாகக் கிடைக்கும் 19-19-19 இதற்கு ஆகாது: அதன் தழைச்சத்தில் பெரும்பங்கு யூரியா, மண்ணில்லாத நீரில் அது செடிக்கு எளிதில் கிடைக்காது. கரைசலின் பிஹெச் (அமில-கார அளவு) 5.5 முதல் 6.5 வரை இருக்கட்டும்.

தென்னை நார்க்கழிவில் முளைத்த மூன்று வார நாற்றை வலைத்தொட்டியில் வையுங்கள். தொட்டியின் அடி 1 செ.மீ. மட்டும் நனையட்டும்.

இனிமேல்தான் பலர் தவறுகிறார்கள். நீர் குறையக் குறைய மேல்வேர்கள் காற்றில் நின்று ஆக்சிஜனை உறிஞ்சப் பழகும். பதறிப்போய் விளிம்புவரை நிரப்பினால் அவை மூச்சுத்திணறி, செடி வாடும். தீரும் நிலையென்றால் இரண்டு, மூன்று செ.மீ. மட்டும் ஊற்றுங்கள். வேர் பழுப்பேறி வழவழத்தால் நீர் சூடாகிவிட்டது. பக்கெட்டை நிழலில் வைத்து, வெள்ளைத் துணி சுற்றுங்கள். மூடியில் இடைவெளி விட்டால் கொசு முட்டையிடும்.

நட்ட 30–40 நாளில் அறுக்கலாம்.