கோத்தகிரியிலிருந்து ஐடி இன்டர்வியூவுக்குப் போகிறவர்களுக்கு

டெக்னிக்கல் ரவுண்டில் நம் மலைப் பிள்ளைகள் பல பேருக்கு விடை தெரிந்திருக்கும். ஆனால் வாயைத் திறக்க மாட்டார்கள். கோவையில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் இன்டர்வியூ எடுக்கும் பக்கத்தில் உட்காருகிறவள் நான். ஊர்ப் பிள்ளை ஒன்று மனசுக்குள்ளேயே கணக்குப் போட்டுக்கொண்டு மௌனமாக இருப்பதைப் பார்க்கும்போது எனக்கு மனசு அடித்துக்கொள்ளும். உங்கள் தலைக்குள் ஓடுவது எதிரில் இருப்பவருக்கு எப்படித் தெரியும்? சொன்னால்தான் உண்டு.

அடிக்கடி வரும் ஒரு கேள்வியையே எடுத்துக்கொள்வோம். 3, 8, 5, 11 என்று ஒரு வரிசை. கூட்டினால் 16 வருகிற இரண்டு எண்களைக் கண்டுபிடிக்க வேண்டும். உடனே கீபோர்டைத் தொடாதீர்கள். “ஒரே எண்ணை இரண்டு தடவை எடுக்கலாமா? ஜோடியே இல்லையென்றால் என்ன காட்டட்டும்?” என்று கேளுங்கள். ஒரே எண்ணை இரண்டு தடவை எடுக்கக் கூடாது என்று சொன்னதாக வைத்துக்கொள்வோம். அப்புறம் எளிய வழியைச் சொல்லுங்கள்: ஒவ்வொரு எண்ணையும் மற்ற எல்லாவற்றோடும் கூட்டிப் பார்க்கலாம், ஆனால் வரிசை பத்து மடங்கு நீண்டால் வேலை நூறு மடங்காகிவிடும். அடுத்து நல்ல வழி: பார்த்த எண்களை ஒரு ஹேஷ்மேப்பில் (கேட்ட எண் உள்ளே இருக்கிறதா என்று உடனே சொல்லிவிடும் பட்டியல்) போட்டுக்கொண்டே போவது. 3 வந்தால் 13 வேண்டும். அது இன்னும் இல்லை, அதனால் 3-ஐப் போட்டு வைக்கிறோம். 8 வந்தால் இன்னொரு 8 வேண்டும், இல்லை. 5 வந்தால் 11 வேண்டும், இன்னும் வரவில்லை. 11 வந்தால் 5 வேண்டும், இருக்கிறது. இதில் முதலில் தேடிவிட்டு அப்புறம்தான் போட வேண்டும். மாற்றிச் செய்தால் 8 தன்னையே ஜோடி சேர்த்துக்கொள்ளும். இந்த ஒரு விஷயத்தை நீங்களாகச் சொன்னால் கேட்பவர் நிமிர்ந்து உட்காருவார்.

வீட்டில் இதைத் தமிழிலேயே சத்தமாகச் சொல்லிப் பழகுங்கள். படுகு மொழி பேசுகிற வீடென்றால் படுகில் சொல்லுங்கள். யோசனை தெளிந்துவிட்டால் ஆங்கிலம் பின்னாலேயே வரும், இலக்கணம் கொஞ்சம் பிசகினாலும் பரவாயில்லை.

சீனியர்கள் எழுதி வைக்கும் இன்டர்வியூ அனுபவங்களைப் படிப்பது நல்லதுதான். ஆனால் அதில் கேள்வியை மட்டும் பொறுக்கி மனப்பாடம் செய்யாதீர்கள். அதே கம்பெனியில் வேறு டீம் என்றால் கேள்வியே வேறு. எத்தனை ரவுண்டு, எங்கே மாட்டிக்கொண்டார்கள், அப்போது என்ன குறிப்பு கிடைத்தது, அதைப் பிடித்துக்கொண்டு எப்படி வெளியே வந்தார்கள் என்று பாருங்கள். உங்கள் இன்டர்வியூ முடிந்த அன்று சாயங்காலமே நீங்களும் அப்படி எழுதி வையுங்கள். அடுத்த வருடம் கேட்டு வரும் தங்கச்சிக்கு அது பெரிய உதவி.

ரெஸ்யூமில் போடும் ப்ராஜெக்ட் உங்களுடையதாக இருக்கட்டும். அரவேணுப் பக்கம் ஒரு தம்பி, சிறு விவசாயிகள் போடும் பச்சைத் தேயிலையின் எடையைப் பதிய ஒரு ஆப் செய்திருந்தான். பயிற்சிக்காக நானே அவனை இன்டர்வியூ எடுத்தேன். “இலை போடுற இடத்துல டவர் இல்லைன்னா?” என்றேன். போனிலேயே சேமித்து, டவர் கிடைத்ததும் அனுப்புவதாகச் சொன்னான். “ஒரே எடை ரெண்டு தடவை போயிட்டா?” ஒவ்வொரு பதிவுக்கும் போனிலேயே ஒரு தனி எண் கொடுத்திருந்தான், அதே எண் மறுபடி வந்தால் சர்வர் தள்ளிவிடும். எனக்கு அவ்வளவு சந்தோஷம். எங்கேயோ காப்பியடித்த ஹாஸ்பிட்டல் மேனேஜ்மென்ட் சிஸ்டத்தை வைத்துக்கொண்டு இப்படிப் பதில் சொல்ல முடியாது.

ஐப்பசி, கார்த்திகை மழையில் ஆன்லைன் இன்டர்வியூ வந்தால் லேப்டாப்பை முழு சார்ஜில் வையுங்கள். வேறு வேறு கம்பெனி சிம் இரண்டு கையில் இருக்கட்டும், ஹெச்ஆரின் நம்பரைத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். கரண்ட் போனால் உடனே கூப்பிட்டுச் சொல்லுங்கள். பெரும்பாலும் வேறு நேரம் தருவார்கள். நேரில் சரவணம்பட்டிக்கோ டைடல் பார்க்குக்கோ வரச் சொன்னால் முந்தின நாளே கீழே இறங்கிவிடுங்கள். மேட்டுப்பாளையம் ரோட்டில் எங்கே மரம் விழும், எங்கே மண் சரியும் என்று யாராலும் சொல்ல முடியாது.

கடைசியில் ஹெச்ஆர் ரவுண்டு. கம்பெனி கட்டும் பிஎஃப் எல்லாம் சேர்த்துத்தான் சிடிசி (உங்களுக்காகக் கம்பெனி ஒரு வருடத்தில் செலவிடும் மொத்தத் தொகை) என்று சொல்வார்கள். மாதம் கையில் எவ்வளவு வரும் என்று கேட்க வெட்கப்படாதீர்கள். பாண்ட் (இத்தனை வருடம் வேலையை விட மாட்டேன் என்று எழுதிக் கொடுப்பது) உண்டா, எத்தனை வருடம், ஒரிஜினல் சர்டிபிகேட்டை வாங்கி வைத்துக்கொள்வார்களா என்றும் கேளுங்கள். ட்ரெய்னிங், லேப்டாப், டெபாசிட் என்று எந்தப் பெயரில் முன்பணம் கேட்டாலும் அத்தோடு பேச்சை நிறுத்திவிட்டு வீட்டுக்கு வந்துவிடுங்கள்.