செடிகளின் பாக்டீரியா நோய்க்கு வாசனை எண்ணெய்: கலப்பதில்தான் பாதி வேலை

ஓம எண்ணெயில் தைமால், கிராம்பு எண்ணெயில் யூஜினால், எலுமிச்சைப்புல் எண்ணெயில் சிட்ரால். இந்த மூன்று வேதிப்பொருள்களும் பாக்டீரியாவின் செல் சவ்வைக் குலைத்து, உள்ளே இருப்பதைக் கசியவிடும். ஆனால் பட்ட இடத்தில் மட்டும்தான் வேலை நடக்கும். தக்காளி, மிளகாயில் வரும் இலைப்புள்ளிக்கு, முதல் புள்ளி தென்பட்டதுமே தெளித்தால் பரவுவது குறையும். தண்டுக்குள் இறங்கிவிட்ட வாடல் நோய்க்கு இலைமேல் எவ்வளவு தெளித்தாலும் வீண்தான். சந்தேகமா? வாடிய செடியின் அடித்தண்டை வெட்டி, கண்ணாடி டம்ளரில் உள்ள தெளிந்த நீரில் வெட்டுமுனை மட்டும் மூழ்கும்படி பிடியுங்கள். சில நிமிடத்தில் பால் நிறத்தில் மெல்லிய இழை இறங்கினால் பாக்டீரியா வாடல். அந்தச் செடியை வேரோடு பிடுங்கி அழித்துவிடுங்கள்.

வாங்கிய எண்ணெயை ஒரு சொட்டு வெள்ளைத் தாளில் விட்டு மறுநாள் பாருங்கள். பிசுபிசுப்பான கறை நின்றால் வேறு எண்ணெய் கலந்திருக்கிறது.

10 லிட்டர் தண்ணீருக்கு எண்ணெய் 10 மி.லி., எண்ணெயைத் தண்ணீரில் கலக்கவைக்கும் பாலிசார்பேட் 80 அதே அளவு. இரண்டையும் முதலில் கண்ணாடிப் பாத்திரத்தில் நன்றாகக் கலந்து, பிறகு 200 மி.லி. தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கலக்கிக்கொண்டே இருங்கள். பால்போல் வெளுத்ததும் மீதித் தண்ணீரில் சேர்க்கலாம். எண்ணெயை நேராகத் தொட்டியில் ஊற்றினால் மேலே மிதக்கும்; கடைசியில் தெளிக்கும் செடிகளுக்கு வெறும் எண்ணெய் போய் இலை கருகும். பாலிசார்பேட்டுக்குப் பதில் சோப்புக் கரைசல் போடுபவர்கள் உண்டு. உப்புத் தண்ணீரில் அது திரிந்துவிடும்.

இது 0.1 சதவீதம். வீரியம் போதவில்லை என்று சட்டென்று ஐந்து மடங்காக்காதீர்கள். எந்த அளவானாலும் நாலைந்து செடியில் தெளித்து இரண்டு நாள் பொறுத்திருங்கள். தளிரும் பூவும்தான் முதலில் கருகும். கருகிய திட்டு நோய்ப்புள்ளி மாதிரியே இருப்பதால், நோய் கூடிவிட்டதென்று நினைத்து மறுபடி தெளிப்பதுதான் அடிக்கடி நடக்கும் தவறு.

வெயில் தாழ்ந்தபின், இலையின் அடிப்புறமும் நனையத் தெளியுங்கள். சீக்கிரம் ஆவியாகிவிடும் என்பதால் 5 முதல் 7 நாளுக்கொரு முறை, மழை பெய்தால் இலை காய்ந்தபின் மீண்டும். சூடோமோனாஸ், பேசில்லஸ் போன்ற நன்மை செய்யும் பாக்டீரியாக்களையும் இது கொல்லும். ஒன்றாகக் கலக்காமல் ஒரு வார இடைவெளி விடுங்கள். கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். வேலை முடிந்ததும் தெளிப்பானை சோப்புத் தண்ணீரில் கழுவுங்கள், இல்லாவிட்டால் ரப்பர் வாஷர் உப்பிப்போகும்.